குகைத் தோழர்களின் வெள்ளிக்காசும் ரோமப் பேரரசின் முத்திரைகளும்

வெள்ளிக்கிழமைதோறும் கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதிவருகிறோம். நீண்ட உறக்கத்திலிருந்து விழித்த அந்த இளைஞர்கள், தங்களுள் ஒருவரிடம் ஒரு வெள்ளிக்காசைக் கொடுத்து, தூய்மையான உணவு எதுவெனப் பார்த்து வாங்கிவருமாறு நகரத்திற்கு அனுப்பிய நிகழ்ச்சியைப் பத்தொன்பதாவது வசனம் கூறுகிறது. அங்கே அக்காசைக் குறிக்க வந்துள்ள சொல் ‘வரிக்’ என்பதாகும். அச்சிடப்பட்ட வெள்ளி என்பது அதன் பொருள். ஐந்து ஊக்கியாவுக்குக் குறைந்த வெள்ளியில் ஜகாத் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அருளியபோதும் இதே சொல்லையே ஆண்டார்கள்.

இந்த வசனத்தைக் கடந்து செல்லும்போது நாம் உணவைப் பற்றி எண்ணுகிறோம். அவர்களின் எச்சரிக்கை உணர்வை எண்ணி வியக்கிறோம். ஆனால் அந்தக் காசைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அதன் முகத்தில் யாருடைய உருவம் இருந்தது? அதன் பின்புறத்தில் எந்தச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது? தம் சமுதாயம் வணங்கிய பொய்த் தெய்வங்களை மறுத்துக் குகை புகுந்தவர்கள் எத்தகைய காசை மடியில் வைத்திருந்தார்கள்? இக்கேள்வியைப் பற்றிக்கொண்டு சற்றுத் தொலைவு நடந்து பார்ப்போம்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது நம் கடமை. அந்நகரத்தின் பெயரையோ மன்னனின் பெயரையோ திருக்குர்ஆன் குறிப்பிடவில்லை. தோழர்களின் எண்ணிக்கையைப் பற்றிக்கூட வீண் தர்க்கம் வேண்டாம் என்றே அது பணிக்கிறது. தஃப்சீர் நூல்களில் ‘தக்யானூஸ்’ என்னும் மன்னனின் பெயர் வருகிறது. சிரியாக் மொழியில் வழங்கிய கிறித்தவ மரபுக் கதையும் அவனையே குறிப்பிடுகிறது. கி.பி. 249 முதல் 251 வரை ரோமை ஆண்ட தேசியஸ் என்ற பேரரசனே இவன். அக்கதை, இளைஞர்கள் விழித்தெழுந்ததை இரண்டாம் தியோடோசியஸின் காலத்தில் வைக்கிறது. அவனோ 450ஆம் ஆண்டில் இறந்தவன். திருக்குர்ஆன் கூறும் முந்நூற்று ஒன்பது ஆண்டுகள் இக்கணக்கில் அடங்கா. ஆகவே தேசியஸின் பெயர்மீது நாம் எந்த நம்பிக்கையையும் கட்டவில்லை. தஃப்சீர் ஆசிரியர்கள் நம்மை அழைத்துச் செல்லும் அந்தக் காலத்தின் வெள்ளிக்காசுகள் எத்தகையன என்பதை அறிந்துகொள்ள மட்டுமே அவனை நாடுகிறோம்.

தெய்வங்களின் இடத்தில் மன்னர்கள்

ரோமர்களின் முதன்மையான வெள்ளிக்காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். கி.மு. 211 அளவில் அது புழக்கத்திற்கு வந்தது. கிரேக்கர், சிரியர், அரபியர் எனப் பல நாவுகளில் உருண்டு வந்த அச்சொல்தான் ‘தீனார்’ ஆயிற்று. வெள்ளிக்காசின் பெயர் கிழக்கே வந்து பொற்காசின் பெயராக நிலைத்தது விந்தையே. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் எழுபத்தைந்தாம் வசனத்தில் தீனார் என்ற சொல்லை நாம் ஓதுகிறோம். யூசுஃப் (அலை) அவர்களை விற்ற அற்ப விலையைக் கூறும் வசனத்தில் வரும் ‘திர்ஹம்’, கிரேக்கரின் ‘திராக்மா’விலிருந்து பாரசீகம் வழியாக வந்தது.

தொடக்க காலத் தெனாரியஸில் ரோமா என்னும் பெண்தெய்வத்தின் தலையும், குதிரைமீது விரையும் இரட்டைத் தெய்வங்களும் இருந்தன. மன்னராட்சியை வெறுத்த ரோமர்கள், உயிரோடிருக்கும் மனிதனின் முகத்தைத் தங்கள் நகரத்துக் காசில் இடுவதை ஏற்கவில்லை. அந்த வேலியை முதலில் தாண்டியவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 44இல் அவருடைய முகம் காசில் ஏறியது. அதே ஆண்டில் அவர் கொல்லப்பட்டார். கொலை நின்றது, வழக்கம் நிற்கவில்லை.

அவருடைய வளர்ப்பு மகன் அகஸ்டஸ் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். சீசர் இறந்தபின் வானில் தோன்றிய வால்மீனை, அவர் தெய்வமாகி விண்ணேறியதற்குச் சான்று என மக்கள் நம்பினர். எட்டுக் கதிர்களும் ஒரு வாலும் கொண்ட அந்த வால்மீன் அகஸ்டஸின் வெள்ளிக்காசில் இடம்பெற்றது. ‘தெய்வமாகிய ஜூலியஸ்’ என்ற எழுத்துகள் அதனோடு பொறிக்கப்பட்டன. தந்தை தெய்வமானால் மகன் யார்? விடையையும் காசே கூறியது. அகஸ்டஸின் காசுகளில் ‘தெய்வத்தின் மைந்தன்’ என்ற பட்டம் வந்தது. அவருக்குப்பின் ஆண்ட திபேரியஸின் தெனாரியஸில் ‘தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்’ என்று முகப்பக்கத்திலும், ‘தலைமைப் பூசாரி’ என்று பின்பக்கத்திலும் எழுதப்பட்டது. வரி செலுத்தலாமா என்று வினவியவர்களிடம் ஈஸா (அலை) அவர்கள் ஒரு காசை வாங்கி, இது யாருடைய உருவம் எனக் கேட்டதாகக் கிறித்தவர்களின் சுவிசேஷங்கள் கூறுகின்றன. அது திபேரியஸின் இந்தக் காசே என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. அல்லாஹ்வின் அடியாராகிய ஒரு நபியை அவருக்குப் பின்வந்தோர் இறைமைந்தன் என்று அழைக்கத் தொடங்குவதற்கு முன்பே, அந்தப் பட்டம் ஓர் அரசனுக்காகச் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது என்பது நம் சிந்தனைக்குரியது.

இவ்விரு மன்னர்களின் வெள்ளிக்காசுகள் தென்னிந்தியாவிலும் பெருமளவில் கிடைத்துள்ளன. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக அவை கடல் கடந்து வந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி என்னும் ரோம அறிஞர் முதலாம் நூற்றாண்டில் புலம்பினார். நான்கு செஸ்டர்ஸ் கொண்டது ஒரு தெனாரியஸ். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தனர். உலோகத்தைச் சோதிக்கவோ, காசைச் செல்லாததாக்கவோ அவ்வாறு வெட்டினர் என ஆய்வாளர்கள் பலவாறு கூறுவர். காரணம் எதுவாயினும், இங்கே பொன்னுக்குத்தான் மதிப்பு இருந்தது. அந்த முகத்திற்கு இல்லை.

சூரியனும் பிறையும்

இப்போது தக்யானூஸின் காலத்திற்கு வருவோம். அப்போது தெனாரியஸ் மங்கி, அந்தோனினியானஸ் என்று இன்று வழங்கப்படும் வேறொரு வெள்ளிக்காசு மேலோங்கியிருந்தது. கரக்கல்லா என்னும் பேரரசன் 215இல் அதனை வெளியிட்டான். அதனைப் பழைய காசிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. மன்னனின் தலையில் இலைமாலைக்குப் பதிலாகக் கதிர்கள் நீட்டிய முடி இருக்கும். அது சூரியத் தெய்வத்தின் முடி. பேரரசியின் உருவம் பொறித்த காசானால், அவளுடைய மார்பளவு உருவம் ஒரு பிறையின்மீது அமர்ந்திருக்கும். அது சந்திரத் தெய்வத்தின் சின்னம். அரசன் சூரியன், அரசி சந்திரன் என்பதே அக்காசுகள் எழுத்தில்லாமல் கூறிய செய்தி.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் சுஜூது செய்யாதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே செய்யுங்கள் என்ற கருத்துடைய ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தின் முப்பத்தேழாம் வசனத்தை ஓதும்போது, அந்த ஷிர்க் ஏதோ காட்டுவாசிகளின் அறியாமை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நன்கு கற்ற, சட்டங்கள் இயற்றிய, சாலைகள் அமைத்த ஒரு பேரரசு அதனைக் கோடிக்கணக்கான கைகளில் அன்றாடம் வைத்துக்கொண்டிருந்தது.

தேசியஸின் ஆட்சியில் வெளியானவை என நாணயவியலார் பெரிதும் கொள்ளும் ஒரு வரிசைக் காசுகள் உண்டு. அகஸ்டஸ், வெஸ்பாசியன், டிராஜன், ஹாட்ரியன் முதலிய மறைந்த மன்னர்கள் பதினொருவரின் முகங்கள் அவற்றில் உள்ளன. ஒவ்வொரு முகத்தையும் சுற்றித் ‘தெய்வம்’ என்ற சொல் இருக்கும். பின்புறத்தில் சிறகு விரித்த கழுகு இருக்கும். அல்லது தீ எரியும் பலிபீடம் இருக்கும். ரோமர்களின் நம்பிக்கையில் இறந்த மன்னனின் ஆன்மாவை விண்ணுக்குச் சுமந்து செல்வது கழுகு. அவனுக்குப் பலியிட மண்ணில் எஞ்சுவது பீடம்.

அந்தப் பீடம் காசோடு நிற்கவில்லை. பேரரசின் குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று தேசியஸ் ஆணையிட்டான். பலியிட்டவர்கள் அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும். எகிப்தின் மணலில் அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை பாப்பிரஸ் தாளில் கிடைத்துள்ளன. விண்ணப்பிப்பவரின் பெயர், ஊர், தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும் இப்போதும் சாட்சிகளின் முன்னிலையில் மதுவை வார்த்துப் பலியுணவைச் சுவைத்ததாகவும் ஓர் உறுதிமொழி, அதிகாரிகளின் கையொப்பம் ஆகியவை அவற்றில் உள்ளன. மறுத்தவர்களுக்குச் சிறையும் வதையும் மரணமும் காத்திருந்தன. உயிருக்கு அஞ்சிப் பலியிட்டவர்களும், பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. நகரத்தார் தங்களைக் கண்டுகொண்டால் கல்லெறிந்து கொல்வார்கள், அல்லது தங்கள் மார்க்கத்திற்கே திருப்பிவிடுவார்கள் என்று குகைத் தோழர்கள் அஞ்சியதை இருபதாம் வசனம் கூறுகிறது. அந்த அச்சம் எத்தகையது என்பதை உணர இப்பாப்பிரஸ் தாள்கள் துணைசெய்கின்றன.

முத்திரை சொன்னதும் உலோகம் சொன்னதும்

ரோமக் காசின் பின்புறம் ஓர் அறிவிப்புப் பலகை. அமைதி, ஒற்றுமை, வளமை, நம்பிக்கை, வெற்றி, கற்பு முதலிய பண்புகள் பெண்ணுருவங்களாக அங்கே நிற்கும். செல்வக் கொம்பு ஏந்தியவள் வளமை; துலாக்கோல் ஏந்தியவள் நேர்மை; படைக்கொடிகளைப் பற்றி நிற்பவள் படைவீரரின் விசுவாசம். செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில் அரசன் தன்னைப் பற்றி மக்களுக்குச் சொல்ல விரும்பியவை இவ்வழியே சென்றன.

சொல்லப்பட்டவை உண்மையா என்பது வேறு செய்தி. தேசியஸுக்கு முன் ஆண்டவர் அரபிய நிலப்பகுதியில் பிறந்த பிலிப். 244இல் அவர் வெளியிட்ட வெள்ளிக்காசில் ‘பாரசீகருடன் நிலைநாட்டப்பட்ட அமைதி’ என்று எழுதியிருந்தது. அந்த அமைதிக்காக ஐந்து இலட்சம் தீனார்களைப் பிலிப் தமக்குக் கொடுத்தார் என்று பாரசீக மன்னர் முதலாம் ஷாப்பூர் பாறையில் கல்வெட்டாகப் பொறித்துவைத்தார். பிலிப்பின் வேறொரு காசு ‘படைவீரரின் விசுவாசம்’ என்றது. 249இல் தேசியஸின் படை அவரை எதிர்த்து வந்தது. அப்போரில் அவர் ஆட்சியையும் உயிரையும் இழந்தார். தேசியஸும் இரண்டே ஆண்டுகளில் கோத்தியரோடு போரிட்டு மாண்டான்.

எல்லாவற்றினும் பெரிய பொய் உலோகத்திலேயே இருந்தது. அகஸ்டஸின் காலத்தில் தெனாரியஸ் ஏறக்குறையத் தூய வெள்ளி. ஒரு ரோம இராத்தல் எடையில் 84 காசுகள் அடித்தனர். கி.பி. 64இல் நீரோ மன்னன் அதை 96 ஆக்கினான், தூய்மையையும் குறைத்தான். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் செப்டிமியஸ் செவேரஸ் படைவீரரின் ஊதியத்தை உயர்த்தியபோது காசில் ஏறத்தாழப் பாதியே வெள்ளியாயிற்று. தேசியஸின் காலத்தில் அது நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் இருந்தது. பழைய தெனாரியஸ்களையே எடுத்து, அவற்றின்மீது புதிய மன்னனின் அச்சை ஓங்கி அடித்துப் பெரிய மதிப்புள்ள காசாக வெளியிட்டதும் உண்டு. அத்தகைய காசுகள் சிலவற்றில் தேசியஸின் முகத்தின் அடியில் பழைய மன்னனின் முகக்கோடுகள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. 268 அளவில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே இறங்கியது. செம்புத் துண்டின்மீது வெள்ளிப் பூச்சு மட்டும் மின்னியது. சில நாள் புழக்கத்தில் அப்பூச்சும் தேய்ந்து செம்பு பல்லிளித்தது.

இத்தனைக்கும் இடையே துலாக்கோல் ஏந்திய நேர்மைத் தெய்வம் காசின் பின்புறத்தில் நின்றுகொண்டேயிருந்தாள். விலைகள் ஏறின. 301இல் டயோக்ளீஷியன் பேரரசன் பொருள்களுக்கு உச்சவிலை குறித்து, மீறுவோருக்கு மரண தண்டனை என ஆணையிட்டான். அதுவும் பயன் தரவில்லை. குறைந்த உலோகத்தை நிறைந்த மதிப்பாகக் கொடுப்பது அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வதே. முதஃப்பிஃபீன் அத்தியாயம் அத்தகையோருக்குக் கேடு என எச்சரிப்பதை நாம் சந்தை வணிகனுக்கு மட்டும் உரியதாகக் கருதுகிறோம். துலாக்கோல் அரசனின் கையிலும் இருக்கிறது.

முகமில்லாத காசு

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபகத்தில் புழங்கிய வெள்ளி, பாரசீகரின் திர்ஹம். அதன் முகத்தில் சாசானிய மன்னனும் பின்புறத்தில் காவலர் இருவர் சூழ்ந்த நெருப்புப் பீடமும் இருந்தன. பொன், ரோமரின் தீனார். அதில் பேரரசனும் சிலுவையும் இருந்தன. முஸ்லிம்கள் அக்காசுகளைக் கொண்டே வாங்கினர், விற்றனர், மஹர் கொடுத்தனர், ஜகாத்தும் வழங்கினர். இருநூறு திர்ஹம் என்ற வெள்ளியின் நிஸாப் அத்தகைய காசுகளால் எண்ணப்பட்டதே. பாரசீகம் வெற்றிகொள்ளப்பட்டபின் அந்த நெருப்புப் பீடக் காசின் விளிம்பில் முதலில் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்ந்தது. பிறகு கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77இல் தீனாரையும் 79இல் திர்ஹத்தையும் முற்றிலும் புதிதாக வார்த்தார். ஹிஜ்ரி 79 என்பது கி.பி. 698.

அந்தத் திர்ஹத்தில் முகம் இல்லை, பீடம் இல்லை, கழுகும் கதிர்முடியும் இல்லை. ஒரு புறம் ஏகத்துவக் கலிமா. அதன் விளிம்பில் அச்சிட்ட நகரமும் ஆண்டும். மறுபுறம் இக்லாஸ் அத்தியாயத்தின் சொற்கள். அதன் விளிம்பில் முஹம்மத் (ஸல்) அவர்களின் தூதுத்துவம். அதனை வெளியிட்ட கலீஃபாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ‘தெய்வத்தின் மைந்தன்’ என்று அறிவித்த காசின் பெயரைச் சுமந்த தீனாரும், அதனுடன் வந்த திர்ஹமும், அல்லாஹ்வுக்குப் பெறுதலும் இல்லை, பிறத்தலும் இல்லை என்று அறிவிக்கத் தொடங்கின. எடையும் வரையறுக்கப்பட்டது. பத்துத் திர்ஹம் ஏழு மித்காலுக்குச் சமம் என்ற அளவின்படி ஒரு திர்ஹம் ஏறத்தாழ 2.97 கிராம்.

இதைக் கூறி நாம் பெருமை பேசிவிட்டு எழுந்துவிட முடியாது. கலிமா பொறித்த காசுகளிலும் பின்னாளில் வெள்ளியைக் குறைத்தவர்கள் உண்டு. எகிப்தில் மம்லூக்குகள் செம்புக் காசுகளை அளவின்றி வெளியிட்டதால் விலைவாசி ஏறி மக்கள் துன்புற்றதை வரலாற்றாசிரியர் மக்ரீஸி ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிந்து எழுதினார். புனிதச் சொல்லைப் பொறிப்பதால் மட்டும் உலோகம் தூய்மையாகிவிடாது.

நம் கையிலுள்ள காசு

மீண்டும் அந்தக் குகை வாயிலுக்கு வருவோம். பொய்த் தெய்வங்களின் சின்னம் பொறித்த காசு என்பதற்காக அந்த இளைஞர்கள் அதனை வீசி எறிந்ததாக வசனத்தில் இல்லை. அது அவர்களின் உழைப்பின், உடைமையின் அளவுகோல். அதனைக் கொண்டு வாங்கலாம் என்றே அனுப்பினார்கள். ஆனால் அதனைக் கொண்டு வாங்குவது தூய்மையானதாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். சிலைகளுக்கு அறுக்கப்பட்டது கலந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம் எனத் தஃப்சீர் ஆசிரியர்கள் பலர் விளக்குகின்றனர். காசின்மீது பிறர் பொறித்ததற்கு அவர்கள் பொறுப்பல்லர். அக்காசு எவ்வழியில் வருகிறது, எவ்வழியில் செல்கிறது என்பதற்கே அவர்கள் பொறுப்பு.

உருவம் பொறித்த பணத்தாள் சட்டைப்பையில் இருக்கத் தொழலாமா என்று மதரஸா மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தேவையின் நிமித்தம் அதில் குற்றமில்லை என்ற உலமாக்களின் தீர்ப்பைக் கூறுகிறோம். ஆனால் அதே பணத்தாளைப் பற்றிய வேறொரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. கடைக்காரர் வாங்க மறுத்த கிழிந்த தாளை, வெள்ளிக்கிழமையன்று நாலாக மடித்துப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உண்டியலைத் திறந்து எண்ண உட்காரும் ஒவ்வொரு முறையும் அத்தகைய தாள்களைத் தனியே ஒரு பையில் ஒதுக்கிவைக்கிறோம். நீங்களே கண்ணை மூடிக்கொண்டல்லாது வாங்கமாட்டாத மட்டமானதை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாடாதீர்கள் என்பது பகரா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், தரமற்ற காசைத் தெரிந்தே புழக்கத்தில் விடுவதைப் பொதுமக்களுக்கு இழைக்கும் அநீதி என்கிறார்கள். அது கைமாறிச் செல்லும் இடமெல்லாம் அதன் பாவமும் தொடரும் என்று எச்சரிக்கிறார்கள். தொழிலாளியின் கூலியில் குறைப்பதும், எடைக்கல்லில் குறைப்பதும், கடனைத் திருப்பும்போது இழுத்தடிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

தேசியஸ் தன் காசில் வெள்ளியைக் குறைத்துவிட்டுத் தெய்வங்களின் உருவத்தைப் பெரிதாகப் பொறித்தான். நாமும் வெளியில் தீனின் அடையாளங்களைப் பதித்துக்கொண்டு, உள்ளே நேர்மையைக் குறைத்துவிட்டால், நம்மைக் கையில் எடுத்து உரசிப் பார்ப்பவருக்குச் செம்புதான் தென்படும். உலகத்தார் இஸ்லாத்தைப் பெரும்பாலும் நூல்களில் படிப்பதில்லை. நம்முடன் கொள்ளும் கொடுக்கல் வாங்கலில்தான் படிக்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கஹ்ஃபு அத்தியாயத்தின் பத்தொன்பதாம் வசனத்தை ஓதும்போது அந்த வெள்ளிக்காசின்மீது ஒரு கணம் நம் பார்வை நிற்கட்டும். அன்று உண்டியலின் முன் நிற்கும்போது நம் கையிலுள்ள தாளையும் ஒருமுறை விரித்துப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் ஈமானிலும் நம் கொடுக்கல் வாங்கலிலும் கலப்படமின்றிக் காப்பானாக! ஆமீன்.